500 கிராம் துப்பாக்கி, 500 கிராம் விசை

2022 ஜூலையில் திருச்சியில் நடந்த மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டியில் நடிகர் அஜித் பதக்கம் வாங்கினாலும் வாங்கினார், தஞ்சாவூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த நாலைந்து பேருக்குத் துப்பாக்கி ஆசை வந்துவிட்டது. அடுத்த வருஷம் ஆகஸ்டில் கான்பூரிலிருந்து 'பிரபல்' என்கிற ரிவால்வர் வெளிவந்தது. அந்தச் செய்தி வாட்ஸப்பில் சுற்ற ஆரம்பித்ததும் ஆசை கேள்வியாக மாறியது. எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "சின்னதா ஒண்ணு. கிளப்புல சுட்டுப் பழகவும் ஆகணும், இடுப்புல வெளியில தெரியாம வெச்சுக்கவும் ஆகணும். எது வாங்கலாம்?"

நான் துப்பாக்கி நிபுணன் இல்லை. படித்தது பி.இ., பிழைப்பு சாஃப்ட்வேர். ஆனால் விளம்பரத்தாளில் இருக்கும் எண்ணை எடுத்து அதோடு மல்லுக்கட்டுவது எனக்குப் பழக்கம். இந்தக் குறிப்பும் அப்படித்தான். நம் நாட்டில் லைசென்ஸ் வைத்திருப்பவர் வாங்கக்கூடிய சின்னக் கைத்துப்பாக்கிகளைப் பற்றி என்ன சொல்லி விற்கிறார்கள், அது எவ்வளவு தூரம் நிற்கும் என்று பார்க்கலாம்.

முதலில் அந்தக் கேள்வியையே பார்ப்போம். நம்ம ஊரில் அறுவடை மிஷின் எடுக்கிறவர்கூட வயலைப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். சேறு காயாத வயலுக்குப் பெல்ட் வண்டி, காய்ந்த வயலுக்கு டயர் வண்டி. வாடகை கூடுதல் என்று தெரிந்தும் பெல்ட் வண்டிக்காக நாலு நாள் காத்திருப்பார்கள். துப்பாக்கி விஷயத்தில் மட்டும் 'பழகவும் ஆகும், மறைக்கவும் ஆகும்' என்று சொன்னால் உடனே நம்பிவிடுகிறோம். பழகுவதற்கு ஏற்ற துப்பாக்கி எப்படி இருக்கும் என்று தெரியவேண்டுமானால் அதையே தொழிலாக வைத்திருப்பவர்களின் கையைப் பார்க்க வேண்டும். பாரிஸில் 2024-ல் மனு பாக்கர் வெண்கலம் வாங்கினாரே, 10 மீட்டர் ஏர் பிஸ்டல், அதற்குச் சர்வதேச விதி ஒன்று உண்டு. பிஸ்டலின் எடை 1500 கிராமுக்கு மேல் போகக்கூடாது. விசையை இழுக்கத் தேவைப்படும் விசை (தமிழில் டிரிக்கருக்கும் ஃபோர்ஸுக்கும் ஒரே சொல், என்ன செய்ய!) 500 கிராமுக்குக் கீழே போகக்கூடாது. இப்படி வரம்பு போட வேண்டியிருக்கிறது என்றால், போட்டியாளர்களை விட்டால் துப்பாக்கியை இன்னும் கனமாகவும் டிரிக்கரை இன்னும் லேசாகவும் ஆக்கிக்கொள்வார்கள் என்று அர்த்தம்.

இப்போது 2014 ஜனவரியில் கான்பூர் ஃபீல்டு கன் தொழிற்சாலை வெளியிட்ட 'நிர்பீக்' ரிவால்வரை எடுத்துக்கொள்ளுங்கள். .32 போர், ஆறு தோட்டா. மொத்த எடையே 500 கிராம். இந்த வகை டபுள் ஆக்‌ஷன் ரிவால்வர்களில், சுத்தியலைக் கையால் பின்னால் இழுத்து வைக்காமல் நேரடியாகச் சுட்டால், டிரிக்கருக்குப் பொதுவாக 4 முதல் 6 கிலோ வரை இழுப்பு வேண்டும். அதாவது போட்டிக்காரர் 1500 கிராம் சாமானைப் பிடித்துக்கொண்டு 500 கிராம் இழுக்கிறார். நம்ம ஆள் 500 கிராம் சாமானைப் பிடித்துக்கொண்டு 5 கிலோ இழுக்க வேண்டும். விகிதம் அப்படியே தலைகீழ். துப்பாக்கியின் எடையைப்போல் பத்து மடங்கு பலத்தில் ஒற்றை விரலால் இழுக்கும்போது முனை ஆடாமல் இருக்க வேண்டுமானால் பல நூறு முறை இழுத்துப் பழகியிருக்க வேண்டும். சுருக்கமாக, சின்னத் துப்பாக்கிதான் சுடக் கஷ்டமான துப்பாக்கி. புதிதாகப் பழகுகிறவருக்கு அது சுலபமாக இருக்கும் என்று சொல்லி விற்பது, நீச்சல் தெரியாதவனுக்குச் சின்னத் தெப்பம் போதும் என்று சொல்வது மாதிரி.

சின்ன உருவத்தின் இன்னொரு தொல்லை குறிபார்ப்பு. பிரபல் வந்தபோது பத்திரிகைகளில் பெரிதாக வந்த எண் '50 மீட்டர்'. மற்ற ரிவால்வர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் தூரம் சுடுமாம். இதன் குழல் நீளம் 76 மி.மீ., மொத்த நீளம் 177.6 மி.மீ., தோட்டா இல்லாமல் எடை 700 கிராம். இந்த உருவத்தில் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே சுமார் 12 செ.மீ. இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். எட்டாம் வகுப்பு முக்கோணக் கணக்குதான். கை நடுங்கி முன் குறி 1 மி.மீ. விலகினால், 10 மீட்டரில் குண்டு 8 செ.மீ. விலகும். 50 மீட்டரில் கிட்டத்தட்ட 42 செ.மீ. விலகும். ஒரு ஆளின் தோள் அகலம் அது. நெஞ்சின் நடுவைக் குறிபார்த்தால் அவருக்குப் பக்கத்தில் நிற்பவர் மேல் படும்.

50 மீட்டரில் பிஸ்டல் சுடுவது முடியாத காரியம் என்று சொல்லவில்லை. 2014 இஞ்சியோன் ஆசியப் போட்டியில் ஜிது ராய் தங்கம் வாங்கியது 50 மீட்டர் பிஸ்டலில்தான். ஆனால் அந்தப் பிஸ்டல் உள்ளங்கை அச்சுக்குச் செதுக்கிய மரப்பிடி போட்டது. தொட்டாலே விழும் டிரிக்கர். நீளமான குழல். ஆள் பட்டாளத்துக்காரர், தினமும் மணிக்கணக்கில் பயிற்சி. குண்டு 50 மீட்டர் பறக்கும் என்பதும் நீங்கள் 50 மீட்டரில் அடிப்பீர்கள் என்பதும் வேறு வேறு செய்தி. முதலாவதைச் சொல்லி இரண்டாவதை வாசகர் மனசில் ஏற்றிவிடுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்லணும். பிரபலின் புதுமை என்று சொல்லப்பட்டது, தோட்டா போட உருளை பக்கவாட்டில் விலகும் என்பது. பழைய .32 இந்திய ரிவால்வர்கள் வெப்ளி பாணியில் நடுவில் மடிந்து திறக்கும். அதைவிட இது நல்ல ஏற்பாடுதான், சட்டம் உறுதியாக இருக்கும். ஆனால் கோல்ட் கம்பெனி இதை 1889-லேயே செய்துவிட்டது. 134 வருஷம் கழித்து வந்ததைப் புதுமை என்று எழுதுகிற நிருபர் ஒரு நிமிஷம் தேடிப் பார்த்திருக்கலாம்.

சரி, தோட்டா எப்படி? இதில் எனக்குக் குறை இல்லை. .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் 1896-லிருந்து இருக்கிற பழைய சாது. சுமார் 6.35 கிராம் குண்டு, வினாடிக்கு 215 மீட்டர் என்று போட்டால் 147 ஜூல் வருகிறது. போலீஸும் ராணுவமும் வைத்திருக்கும் 9 மி.மீ. தோட்டாவில் மூன்றில் ஒரு பங்கு. அந்த 9 மி.மீ. இங்கே தடைசெய்யப்பட்ட போர், சாதாரண லைசென்ஸில் கிடைக்காது. தனியார் இறக்குமதியும் 1980-களிலேயே நின்றுவிட்டது. அதனால்தான் தாத்தா காலத்து வெப்ளியும் வால்தரும் லட்சக்கணக்கில் கைமாறுகின்றன. ஆக .32-ஐ நாம் தேர்ந்தெடுக்கவில்லை, அது நம் தலையில் கட்டப்பட்டது. ஆனாலும் உதை குறைவு, பழகுவதற்கு நல்ல தோட்டா. 25 மீட்டர் போட்டிகளில்கூட இதன் தட்டைமுனை வகையை விரும்பி எடுக்கிறார்கள். ஒரே ஒரு கணக்கு மட்டும்: அதே தோட்டாவை 700 கிராம் துப்பாக்கியில் சுடுவதைவிட 500 கிராம் துப்பாக்கியில் சுட்டால் பின்னுதைப்பின் ஆற்றல் 1.4 மடங்கு. எடையைக் குறைத்துக் கொடுத்ததன் விலை அது. ஆக, கான்பூரின் இந்த இரண்டில் ஒன்று என்று கழுத்தைப் பிடித்துக் கேட்டால் 700 கிராமைத்தான் சொல்வேன். விளம்பரம் எதைக் குறை மாதிரி மறைக்கிறதோ அந்த எடைதான் அதன் நல்ல குணம்.

நிர்பீக்கின் பெயரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 2012 டிசம்பர் 16 தில்லி கொடுமைக்குப் பிறகு, 'நிர்பயா' என்று ஊடகம் பெயர் வைத்த அந்தப் பெண்ணை நினைவுபடுத்தும் பெயர். பெண்களின் பர்ஸுக்குள் அடங்கும் என்று சொல்லி விற்றார்கள். வந்தபோது விலை ரூ. 1,22,360. அந்த விலையில் அரசாங்கத் தொழிற்சாலை ஒன்று பெண்களின் பாதுகாப்புக்குப் பதில் கண்டுபிடித்துவிட்டதாகச் செய்தி போட்டார்கள். அந்தப் பெண் நண்பரோடு ஏறியது ஒரு பஸ். உள்ளே ஆறு பேர். தாக்குதல் கைக்கெட்டும் தூரத்தில், இரும்புக் கம்பியோடு. 1983-ல் டென்னிஸ் டூலர் என்கிற அமெரிக்கப் போலீஸ்காரர் ஒரு எளிய சோதனை செய்து எழுதினார். 21 அடி தூரத்தில் நிற்பவன் ஓடி வந்து தொடுவதற்கு ஒன்றரை வினாடி ஆகிறது. இடுப்பு உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடுவதற்குப் பயிற்சி பெற்ற போலீஸ்காரருக்கே ஏறக்குறைய அதே நேரம் ஆகிறது. பர்ஸின் ஜிப்பைத் திறந்து, சீப்புக்கும் சில்லறைக்கும் நடுவில் பிடியைத் தேடி எடுக்க எத்தனை வினாடி? வீட்டில் யாரையாவது ஒரு டார்ச் லைட்டைப் பர்ஸில் போட்டு எடுக்கச் சொல்லிப் பாருங்கள், ஸ்டாப்வாட்ச் போனிலேயே இருக்கிறது. கடைசி டவுன் பஸ்ஸில் கண்டக்டர் ஒழுங்காக இருப்பது, போலீஸ் ஸ்டேஷனில் புகாரை வாங்குவது என்று அரசாங்கம் செய்யவேண்டிய வேலைகள் ஆயிரம் இருக்க, அந்தப் பாரத்தை 500 கிராமாக்கி அவள் பையிலேயே திருப்பிப் போட்டுவிட்டார்கள்.

பழகலாமே என்பீர்கள். எங்கே? பல கிளப்புகளில் 10 மீட்டர் ஏர் ரேஞ்ச்தான் இருக்கிறது, .32 சுடும் வசதி எல்லா இடத்திலும் கிடையாது. தோட்டாவோ லைசென்ஸில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் வாங்க முடியாது. ஒரு நேரத்துக்கு இவ்வளவு, வருஷத்துக்கு இவ்வளவு. ஒருவருக்கு வருஷத்துக்கு 50 என்று வைத்துக்கொண்டால், அதில் ஒரு டஜனை அவசரத்துக்கு என்று எடுத்து வைத்துவிடுவார். மீதி 38. மாசத்துக்கு மூன்று ரவை. மாசம் மூன்று பந்து ஆடி யாராவது கிரிக்கெட் பழகியிருக்கிறார்களா? 2016 ஆயுத விதிகள் லைசென்ஸுக்கு முன்னால் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் கேட்கின்றன, அது நல்ல விஷயம். ஆனால் அது ஒருமுறைப் பயிற்சி. கை மறந்துபோவது மாசாமாசம் நடக்கிறது.

அப்படியானால் பழகுவது என்ற பாதி இங்கே ஏறக்குறைய உதிர்ந்துவிடுகிறது. மிச்சமிருப்பது மறைத்து வைப்பது. அமெரிக்காவில் வெளியில் தெரிய வைத்துக்கொள்வதா, மறைத்து வைத்துக்கொள்வதா என்று மாநிலத்துக்கு மாநிலம் சண்டை. இங்கே அந்தக் கேள்வியே இல்லை. பொது இடத்தில் கொண்டுபோனால் உறையில் வைத்து, முழுக்க மூடித்தான் கொண்டுபோக வேண்டும் என்று விதியே சொல்கிறது. ஆக மறைப்பது சட்டப்படியும் சரி, உருவப்படியும் சுலபம். மறைத்த சின்னத் துப்பாக்கி யாருக்கு லாபமாக இருந்திருக்கிறது என்று சரித்திரத்தைப் புரட்டினால்தான் எனக்குத் திக்கென்றது.

1909 ஜூலை 1, லண்டன். மதன்லால் திங்ரா டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் இருந்த சுடும் கூடத்தில் காசு கட்டிப் பழகினவர், கோட்டுக்குள் வைத்துப் போய் கர்சன் வைலியைச் சுட்டார். அதே வருஷம் டிசம்பர் 21, நாசிக் நாடகக் கொட்டகையில் கலெக்டர் ஜாக்சன், பிரவுனிங் பிஸ்டல். 1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையம், கலெக்டர் ஆஷ். சுட்டவர் வாஞ்சிநாதன், கையில் பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங். புதுச்சேரிப் பக்கம் கரடிக்குப்பத்தில் அவருக்குச் சுடச் சொல்லிக்கொடுத்தவர் திருச்சி வரகனேரி வ.வே.சு. ஐயர். அந்த வழக்கில் முதல் எதிரியாக நின்று ஏழு வருஷம் தண்டனை வாங்கிய நீலகண்ட பிரம்மச்சாரியோ நம்ம சீர்காழிக்குப் பக்கத்து எருக்கூர்க்காரர். இரண்டு பேரும் காவிரிக்கரைப் பிள்ளைகள். 1914-ல் சரயேவோ, மறுபடி பிரவுனிங். 1948 ஜனவரி 30, பிர்லா மாளிகைத் தோட்டம், இத்தாலியின் பெரெட்டா.

இந்தச் சம்பவங்களின் அரசியலை ஒரே தட்டில் வைக்கவில்லை. திங்ராவும் கோட்ஸேயும் ஒன்று என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். கருவியை மட்டும் பாருங்கள். எல்லாமே பைக்குள் அடங்கும் பிஸ்டல், தூரம் சில அடிதான், எதிரில் இருப்பவருக்கு என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் முடிந்துவிட்டது. சின்னத் துப்பாக்கியின் எல்லாக் குறைகளும், குட்டைக் குழல், மோசமான குறி, சில ரவை, நேரத்தையும் இடத்தையும் தானே தேர்ந்தெடுப்பவனுக்குக் குறையே அல்ல. நேரத்தை எதிராளி தேர்ந்தெடுக்கும்போதுதான் அவை குறை. தற்காப்பு என்பது எப்போதும் இரண்டாவது வகை. 'தற்காப்புக்கு' என்று விற்கப்படும் பொருளின் வடிவம் தாக்குகிறவனுக்குப் பொருத்தமாக அமைந்திருக்கிறது என்பதை எந்த விளம்பரமும் எழுதாது.

டெல்டாவில் துப்பாக்கி லைசென்ஸ் யார் வீட்டில் இருந்தது என்பதும் ரகசியம் இல்லை. துப்பாக்கி வைத்திருக்கும் வீடு என்றால் மிராசு வீடு. சுவரில் மான்கொம்புக்குக் கீழே மாட்டியிருப்பார்கள், கல்யாணத்துக்கு வந்த பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்போம். 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்டவர்களின் தெருவுக்குள் நுழைந்தபோதும் துப்பாக்கி வந்தது ஒரு பக்கத்திலிருந்துதான். குண்டுக்குப் பயந்து ஒரு குடிசைக்குள் ஓடி ஒளிந்தவர்கள் 44 பேர் எரிந்துபோனார்கள். 1973-ல் உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. கைத்துப்பாக்கி பற்றிய குறிப்பில் இதைச் சொல்வதற்குக் காரணம், 'உயிருக்கு ஆபத்து' என்று விண்ணப்பத்தில் எழுத முடிந்தவருக்கும் உண்மையில் உயிருக்கு ஆபத்தில் இருந்தவருக்கும் இடையே இந்த மண்ணில் எவ்வளவு தூரம் இருந்தது என்பதுதான்.

என்னிடம் கேட்டவர்களில் ஒருவர் பாபநாசம் பக்கம் அரிசி மில் வைத்திருப்பவர், எனக்கு அண்ணன் முறை. அவர் கேள்வியில் விளையாட்டு இல்லை. நெல் வாங்கும் நாளில் ரொக்கம் எடுத்துக்கொண்டு ராத்திரி தனியாக வருவார், ஒருமுறை இரண்டு பைக் ரொம்ப தூரம் பின்னாலேயே வந்திருக்கிறது. "நீ கணக்கெல்லாம் போடு தம்பி, எனக்கு அன்னிக்கு வயித்த கலக்குனது கணக்குல வராது" என்றார். நியாயம். அவரிடம் நான் கேட்டது: அந்த ராத்திரி கார் ஸ்டீயரிங்கில் இரண்டு கையும் இருக்கும்போது இடுப்பிலிருந்து எப்படி எடுப்பீங்க? எடுத்து, இருட்டில், ஓடும் பைக்கில் இருப்பவன் திருடனா, நம்மளை மாதிரி வீட்டுக்குப் போகிறவனா என்று எப்படித் தெரியும்? தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள், அந்த வாரங்களில் என்ன செய்வீங்க? பத்தாவது படிக்கிற பையன் இருக்கும் வீட்டில் அது எந்தப் பீரோவில் இருக்கும், சாவி யார் இடுப்பில்? கடைசிக் கேள்விக்கு அண்ணி பதில் சொன்னார், "எங்க வீட்ல அது வரவே வராது." அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தன்னைத் தானே சுட்டுக்கொண்டவர்கள். அந்த எண்ணை அவர்களிடம் சொல்லவில்லை. அண்ணிக்குத் தேவைப்படவில்லை.

சுடுவது பிடித்திருக்கிறது என்று மட்டும் சொல்பவர்களுக்கு என் பதில் சுலபம்: 4.5 மி.மீ. ஏர் பிஸ்டல். ஆற்றல் 20 ஜூலுக்குள் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். பெல்லட்டுக்கு வருஷக் கணக்கு இல்லை, ஒரு சாயங்காலம் நூறு சுடலாம். மனு பாக்கர் மெடல் வாங்கியதும் இந்த வகையில்தான். மில் அண்ணன் இப்போது ரொக்கத்தைப் பெரும்பாலும் வங்கி வழியாக மாற்றிவிட்டார், டிரைவரோடு பகலில் போகிறார். ஆசை முழுக்கப் போகவில்லை என்பது வேறு. 2025 செப்டம்பர் 22 முதல் ரிவால்வருக்கும் பிஸ்டலுக்கும் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 40 சதவீதம் ஆகிவிட்டது என்று நான் சொன்னபோது கொஞ்சம் சோர்ந்தார். அதே பட்டியலில் உல்லாசப் படகும் இருக்கிறது. கான்பூர் அதைப் பாதுகாப்புச் சாதனம் என்கிறது, வரித்துறை ஆடம்பரப் பொருள் என்கிறது. இந்த விஷயத்தில் நான் வரித்துறை பக்கம்.

கான்பூரிலிருந்து இனி அடுத்த மாடல் வரும்போது 50 மீட்டர், 60 மீட்டர் எல்லாம் எனக்கு வேண்டாம். டபுள் ஆக்‌ஷனில் டிரிக்கர் எத்தனை கிலோ, புதிதாகப் பழகும் பத்துப் பேர் 7 மீட்டரில் சுட்ட ஆறு ரவை எவ்வளவு அகலத்தில் விழுந்தது, ஒரு தோட்டா என்ன விலை. இந்த மூன்றையும் அச்சடித்துக் கொடுத்தால் இந்தக் குறிப்பைத் திருத்தி எழுதித் தருகிறேன்.